தூரமா என்று கேட்க வேண்டும்

மொரிஷியஸ் தீவுக்கு முதன்முறையாகப் போகிறவர்கள் என்னென்ன தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாதமாவது உயிர் இருந்தால் வம்பில்லை. திரும்பி வருகிற டிக்கெட் கையில் இருக்க வேண்டும். யார் வீட்டில் தங்கப்போகிறோம் என்ற முகவரி வேண்டும். இணையத்தில் முன்கூட்டியே ஒரு படிவத்தை நிரப்பி, அது தருகிற கட்டம் கட்டமான படத்தைப் போனில் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். விதை, செடி, பழம், மண் எதுவும் கொண்டுபோகக் கூடாது. மாத்திரை என்றால் டாக்டர் சீட்டு. நமக்கு மார்கழிப் பனி கொட்டும்போது அங்கே கோடை, அதனால் ஸ்வெட்டர் வேண்டாம், குடை வேண்டும். அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடும்.

இவ்வளவும் என் மகன் இளம்பரிதி சென்னையிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பியது. அவன் அனுப்பியதோடு சரி. மனப்பாடம் செய்தது நான். மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன். விதிமுறை என்றால் எனக்கு உயிர். லைனை ஆஃப் பண்ணாமல் கம்பத்தில் ஏறினவர்கள் என்ன ஆனார்கள் என்று கண்ணால் பார்த்தவன் நான்.

நாங்கள் உல்லாசப் பயணம் போகவில்லை. என் மகள் எழில்மொழி அந்தத் தீவில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மருமகன் அறிவழகனுக்கும் அங்கேதான் வேலை. அவள் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் அவளுடைய டாக்டர், விமானத்தில் ஏறவே கூடாது, படுக்கையை விட்டு அதிகம் எழுந்திருக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்ட என் மனைவி தங்கம்மாள் அன்று முழுக்க வயலிலேயே கிடந்தாள். மறுநாள் காலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “அவ வர முடியலன்னா என்னா, தாய்வீடு கெளம்பிப் போவட்டும்” என்றாள். அவ்வளவுதான். மன்னார்குடிப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு தாய்வீடு கிளம்ப ஆயத்தமாயிற்று.

தங்கம்மாள் அதுவரை போன அதிகபட்ச தூரம் சென்னை. சின்ன வயதில் ஊர் ஊராக நடவுக்குப் போனவள். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள். இப்போது நாங்களே கொஞ்சம் நிலம் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறோம். அதில் வரப்பு வெட்டுவது முதல் அறுப்புக்கு மெஷின் பேசுவது வரை அவள் நிர்வாகம்தான். யாரிடமும் வாய் கூசாமல் பேசுவாள். ஆனாலும் விமான நிலைய அதிகாரி கேட்கும்போது திருதிருவென விழித்தால் சந்தேகப்படுவார்களே என்று நான் பயந்தேன். அதனால் வீட்டிலேயே ஒத்திகை வைத்தேன்.

கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, நானே அதிகாரி ஆனேன்.

“பாஸ்போர்ட்டக் குடுங்க.”

கொடுத்தாள்.

“பேரு என்னா?”

“தங்கம்மாள்.”

“எங்க போறீங்க?”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பேசாமல் திரும்பி அடுக்களைக்குப் போனாள். குடத்திலிருந்து தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. உட்கார்ந்து, நிதானமாகக் குடித்து முடித்துவிட்டுத் திரும்பி வந்து நின்றாள்.

“என்னா தங்கம், பரீட்சைக்கு நடுவுல எழுந்து போறே?”

“தாகம்.”

சரி, வெயில் என்று விட்டுவிட்டேன். மார்கழியில் என்ன வெயில் என்று அப்போது தோன்றவில்லை. மறுநாளும் ஒத்திகை. பாஸ்போர்ட் கொடுத்தாள், பேர் சொன்னாள், எங்கே போகிறீர்கள் என்று கேட்டதும் அடுக்களைக்குப் போய்விட்டாள். தண்ணீர். தாகம். அதற்கடுத்த நாளும் அதே கூத்து நடந்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

“அங்க கவுண்டர்ல நின்னுகிட்டு, இருங்க சார் தண்ணி குடிச்சிட்டு வர்றேன்னு போவியா? ஏதோ கோளாறான ஆளுன்னு திருப்பி அனுப்பிச்சிடுவாங்க. மக மொகத்தக்கூட பாக்க முடியாது. புரியுதா?”

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அந்த ஒரு கேள்விய மட்டும் கேக்காதீங்க” என்றாள். “மத்ததெல்லாம் எத்தனை தடவ வேணாலும் கேளுங்க. நான் பதில் சொல்றேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில், கிளம்பி நிற்கிறவரைப் பார்த்து எங்கே போகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பார்கள். தெரியாமல் யாராவது கேட்டுவிட்டால், போகிறவர் வீட்டுக்குள் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்பட வேண்டும். தெரிந்துகொண்டே ஆகவேண்டும் என்றால், ‘தூரமா?’ என்று கேட்பார்கள். அதில் தோஷம் இல்லையாம்.

இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. ஆனால் என் வீட்டில் இதற்கெல்லாம் இடம் கிடையாது. என் கல்யாணமே ராகுகாலத்தில் நடந்தது. வேண்டுமென்றே பார்த்து வைத்த ராகுகாலம். பூனை குறுக்கே போனால் வழிவிட்டு நின்று, பிறகு நான் பாட்டுக்குப் போகிறவன். தங்கம்மாளும் என்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தி, சகுனம் பார்க்கிறவர்களைக் கேலி செய்யப் பழகியவள்தான். அவளை மாற்றியது ஒரே ஒரு நாள்.

எழில்மொழி முதல் தடவை உண்டாகியிருந்தபோது பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தாள். ஆறாம் மாதம். மாட்டுப் பொங்கலன்று காலையில் அவளுக்கு இடுப்பு வலி எடுத்தது. கார் வந்து நின்றது. மகளைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு தங்கம்மாள் வாசலில் இறங்கிய நேரம், எதிர்வீட்டு அம்சம் குழாயடியிலிருந்து வெறும் குடத்தோடு வந்தாள். பதற்றத்தில் அவள் வாயிலிருந்து வந்தது அந்தக் கேள்விதான். “என்னா தங்கம், எங்க போறீங்க?” தங்கம்மாளும் அதே பதற்றத்தில், “ஆஸ்பத்திரிக்கு” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டாள். தஞ்சாவூரில் டாக்டர்கள் முடிந்தவரை பார்த்தார்கள். குழந்தை தங்கவில்லை. ஆண் குழந்தை. என் இரண்டு கைக்குள் அடங்கிவிட்டான்.

தங்கம்மாள் அம்சத்தை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அம்சம் எங்கள் வாசலுக்கு வருவதைத் தானாகவே நிறுத்திக்கொண்டாள். நடவு காலத்திலிருந்து ஒன்றாகத் திரிந்த இரண்டு பேர், எதிரும் புதிருமான வீட்டில் இருந்துகொண்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போய் வந்தார்கள்.

“டாக்டரம்மா வெவரமா சொன்னாங்கல்ல?” என்றேன் நான், குரலை இறக்கிக்கொண்டு. “கர்ப்பப்பை வாய் பலமில்ல, முன்னாடியே தொறந்துகிச்சுன்னு. அதுக்குத்தான் இந்தத் தடவ தையல் போட்டு படுக்க வெச்சிருக்காங்க. அதுக்கும் அம்சம் கேட்டதுக்கும் என்னா சம்பந்தம்?”

“ஒரு சம்பந்தமும் இல்ல” என்றாள் தங்கம்மாள். “எனக்கும் தெரியுது. தெரிஞ்சா பயம் போயிடுதா?”

மின்சாரத்தைப் பற்றி எல்லாம் தெரிந்த எனக்கே, எழில் பிரசவத்தை நினைத்தால் ராத்திரித் தூக்கம் வரவில்லை. நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பிறகு ஒரு முடிவுக்கு வந்தோம். விமான நிலையத்தில் அவளோடு நானும் ஒன்றாகவே போய் நிற்பேன். எந்தக் கேள்வி வந்தாலும் முந்திக்கொண்டு நானே பதில் சொல்வேன். அவள் காதில் அந்தக் கேள்வி முழுசாக விழுவதற்குள் பதில் போய்விட வேண்டும்.

ஊரை என்ன செய்வது? கிளம்புகிற நேரத்தில் எவனாவது வழக்கத்தை மறந்து கேட்டுத் தொலைத்தால்? யோசித்துப் பார்த்துவிட்டு நான் ஒரு வேலை செய்தேன். முதல் நாளே தெருவில் வீடு வீடாகப் போய், “நாளைக்குச் சாயங்காலம் நாங்க மொரிஷியஸ் போறோம், மகளப் பாக்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் ஊரில் வேறு மாதிரி பேசிக்கொண்டார்கள். “நம்ம ஃபோர்மேன் காத்தான் ஃபாரின் போறத தமுக்கடிச்சுட்டுப் போறாரு பாரு” என்று டீக்கடையில் சிரித்தார்களாம். சிரிக்கட்டும். அம்சம் வீட்டு வாசலுக்கு மட்டும் நான் போகவில்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லை.

சம்பா கதிர் பால் பிடிக்கிற நேரம். வயலைத் தம்பியிடம் ஒப்படைத்தோம். பெட்டியை நான் மூன்று முறை பிரித்துக் கட்டினேன். ஒவ்வொரு முறையும் உள்ளே ஏதாவது முளைத்திருந்தது. ஒரு தடவை கருவாடு. ஒரு தடவை முருங்கைக் கன்று, ஈரத்துணி சுற்றி. “தங்கம், அந்த ஊருல செடி கொடியெல்லாம் விட மாட்டாங்க. நம்ம பூச்சி அவங்க கரும்புக்குப் போயிடும்” என்றேன். “நம்ம முருங்கையில என்னா பூச்சி?” என்று அவளுக்குக் கோபம். பிள்ளை பெற்ற மருந்துப் பொடியை மட்டும், கடையில் சீல் வைத்து லேபிள் ஒட்டிய பாக்கெட்டாக வாங்கி அனுமதித்தேன்.

மறுநாள் கார் வந்தது. தெரு வாசல்களில் எல்லோரும் நின்றார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் ஊருக்குக் கொடுத்த பயிற்சி வீண்போகவில்லை. தங்கம்மாள் படியிறங்கும்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அம்சம் வந்தாள். இடுப்பில் குடம், தளும்பத் தளும்ப நிறைந்த குடம். அவ்வளவு நேரம் உள்ளே குடத்தை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். ஒன்றும் பேசாமல் எங்களுக்கு எதிரே நடந்து வந்து, காருக்குப் பக்கத்தில் நின்றாள். குடத்திலிருந்து தண்ணீர் வழிந்து அவள் புடவை நனைந்தது.

தங்கம்மாள் காரில் ஏறவில்லை. அம்சத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போயிட்டு வா” என்றாள் அம்சம்.

“வந்ததும் உன் வீட்டுக்குத்தான் முதல்ல வருவேன்” என்றாள் தங்கம்மாள்.

நிறைகுடம் எதிரே வந்தால் நல்லது என்பதில் எனக்கு அன்றும் நம்பிக்கை இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீரைச் சுமந்துகொண்டு நின்றவளைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. டிரைவரைப் பார்த்து, “வண்டிய எடுப்பா, ரயிலுக்கு நேரமாச்சு” என்று எரிந்து விழுந்தேன்.

சென்னை விமான நிலையத்து வாசல்வரை இளம்பரிதி வந்து வழியனுப்பினான். உள்ளே போய்ப் பெட்டிகளைப் போட்டுச் சீட்டு வாங்கும்வரை எல்லாம் நான் படித்தபடியே நடந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்து குடியேற்றப் பிரிவு, அதற்கடுத்துப் பாதுகாப்புச் சோதனை. பாதுகாப்புச் சோதனையில் தண்ணீர் பாட்டிலை விட மாட்டார்கள் என்பது மகன் அனுப்பிய தகவல்களில் முக்கியமானது. எப்படியும் பிடுங்கப்போகிறார்கள், நாமே முறையாக நடந்துகொள்வோம் என்று, தங்கம்மாள் கைப்பையில் இருந்த பாட்டிலை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வரிசையில் நின்றேன்.

கவுண்டரில் இருந்தது ஒரு இளம்பெண். நாங்கள் இருவரும் ஒன்றாகப் போய் நின்றோம். அவள் பாஸ்போர்ட்டைப் புரட்ட ஆரம்பிக்கும் முன்பே நான் ஆரம்பித்துவிட்டேன்.

“மொரிஷியஸ் போறோம் மேடம். மக வீடு. முகவரி இருக்கு. திரும்பி வர்ற டிக்கெட் இருக்கு. ஃபாரம் போட்டாச்சு.”

“சரிங்க சார்” என்றாள். தங்கம்மாள் பாஸ்போர்ட்டை எடுத்தாள். படத்தைப் பார்த்தாள், தங்கம்மாளைப் பார்த்தாள். நான் மறுபடி முந்தினேன். “அவங்களும் மொரிஷியஸ்தான் மேடம். அவங்க எம் மனைவி. மக வீடு. முகவரி...”

“சார், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. அவங்ககிட்ட கேக்கறேன்.” என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இவ்வளவு அவசரப்படுகிற ஆளைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும். அவள் தங்கம்மாள் பக்கம் திரும்பி, அன்பாகத்தான் கேட்டாள். தெளிவாக, தமிழில், முழுசாகக் கேட்டாள்.

“சொல்லுங்கம்மா. எங்க போறீங்க?”

தங்கம்மாள் பாஸ்போர்ட்டைக்கூட வாங்காமல் திரும்பி நடந்தாள். சுவரோரம் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

“தங்கம், என்னா இது? வா.”

“தண்ணி.”

“பாட்டில நான்தான் தொட்டியில போட்டு...”

“ஒரு வாய் தண்ணி குடுங்க. குடிச்சிட்டு வந்துடுறேன். குடிக்காம நான் வரல. அவளுக்கு ஒண்ணுன்னா நான் தாங்க மாட்டேன்.”

அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, நாற்காலியோடு நாற்காலியாக உட்கார்ந்திருந்தாள். இந்தப் பெண்பிள்ளையை அங்கிருந்து கிரேன் வைத்துத்தான் தூக்க முடியும் என்று தெரிந்துவிட்டது. ஒலிபெருக்கியில் எங்கள் விமானத்தின் பெயரைச் சொல்கிற மாதிரி இருந்தது. நான் குப்பைத்தொட்டியை நோக்கி ஓடினேன். ஆமாம், ஓய்வுபெற்ற ஃபோர்மேன், ராகுகாலத்தில் கல்யாணம் செய்தவன், விமான நிலையத்துக் குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். அதற்குள் பையை மாற்றியிருந்தார்கள். தொட்டி சுத்தமாக இருந்தது.

“சார்! இங்க வாங்க” என்று அந்த அதிகாரிப் பெண் கூப்பிட்டாள். குரலில் கண்டிப்பு. “என்ன பிரச்சினை? அவங்க ஏன் எழுந்து போனாங்க?”

பொய் சொல்லியிருக்கலாம். மயக்கம், ரத்த அழுத்தம் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் சொல்ல வராது. “நீங்க எங்கேன்னு கேட்டுட்டீங்க மேடம்” என்றேன்.

“என்னது?”

“கெளம்பறப்ப எங்க போறீங்கன்னு கேக்கக் கூடாதும்பாங்கல்ல. அது. எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கெடையாது மேடம். ஆனா போன தடவ மக ஆஸ்பத்திரிக்குப் போறப்ப ஒருத்தங்க அப்படிக் கேட்டாங்க. கொழந்த போயிடுச்சு. இப்ப மறுபடி பிரசவத்துக்குத்தான் போறோம். உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சா சரியாப் போயிடும். தண்ணி பாட்டில நான் தொட்டியில போட்டுட்டேன்.” எனக்கே வெட்கமாக இருந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து, மேஜைக்கு அடியிலிருந்து தன்னுடைய எவர்சில்வர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

“உக்காந்துகிட்டே குடிக்கச் சொல்லுங்க. நின்னுகிட்டு குடிச்சா செல்லாதும்பாங்க எங்கம்மா.”

கொண்டுபோய்க் கொடுத்தேன். தங்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். முந்தானையால் பாட்டிலின் வாயைத் துடைத்து, மூடியைத் திருகி, எழுந்து நடந்து வந்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள்.

அந்தப் பெண் பாஸ்போர்ட்டை மறுபடி முதலிலிருந்து திறந்தாள், இப்போதுதான் எங்களைப் பார்க்கிற மாதிரி.

“தூரமாம்மா?” என்று கேட்டாள்.

தங்கம்மாள் முகம் மலர்ந்ததே, அதை நான் எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. “தூரந்தாம்மா. கடல் தாண்டி. மொரிஷியஸ். எம் மக எழில்மொழி அங்க நர்ஸா இருக்கா. அவளுக்கு இது மாசம். நாங்க மாசி பொறந்ததும் திரும்பிடுவோம், டிக்கெட் இவருகிட்ட இருக்கு. வெத, செடி எதுவும் எடுத்துட்டுப் போவல தாயி. கருவாட்டக்கூட இந்த மனுஷன் புடுங்கி வெச்சிட்டாரு.”

கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் வந்தது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே முத்திரையைக் குத்தினாள். “நல்லபடியா போயிட்டு வாங்கம்மா” என்றாள்.

விமானத்தில் தங்கம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து நன்றாகத் தூங்கினாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அந்தத் தீவிலும் ஒரு அதிகாரி இருப்பானே, அங்கே யார் எவர்சில்வர் பாட்டிலை நீட்டப்போகிறார்கள் என்று ஒரே கவலை. இறங்கி வரிசையில் நின்றோம். அவன் உயரமான ஆள். சிரித்த முகம். நேராகத் தங்கம்மாளைப் பார்த்து, எங்கே போகிறீர்கள், யார் வீட்டுக்கு என்று ஆங்கிலத்தில் கேட்டான். தங்கம்மாளோ அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு என் பக்கம் கையைக் காட்டினாள். நான் பதில் சொன்னேன். வெளியே வந்தோம்.

“ஏன் தங்கம், அவனும் அதத்தானே கேட்டான்?” என்றேன் மெதுவாக.

“கேட்டானா? எனக்கு இங்கிலீசு புரியலியே. புரியாட்டி அது சேராது” என்றாள், சட்டம் படித்தவள் மாதிரி.

எழில்மொழியைப் பார்த்த கதையைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. கட்டிலில் சாய்ந்திருந்தவள் எழுந்திருக்கப் பார்த்தாள். “படு, படு” என்று தங்கம்மாள் ஓடிப்போய் அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். வீட்டைச் சுற்றிக் கரும்பு. அறிவழகன் அந்த ஊர் ரூபாய் நோட்டை எடுத்துக் காட்டினான், அதில் தமிழ் எழுத்து இருந்தது. “இங்க நோட்டுலயே தமிழ் இருக்கு பாரு தங்கம்” என்றேன். “இருக்கட்டும், மொளகாத்தூள் எங்க இருக்குன்னு கேளுங்க” என்றாள். வந்த அன்றே அடுக்களையைக் கைப்பற்றியாயிற்று.

டாக்டர் சொன்ன நாளில் தையலைப் பிரித்தார்கள். அதற்கப்புறம் ஒரு காலை, வெயில் ஏறுகிற நேரம், எழிலுக்கு வலி கண்டது. அவள் வேலை பார்த்த மருத்துவமனைக்கே போனோம். அவளோடு வேலை பார்க்கிற பெண்கள் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அறிவழகன் உள்ளே போவதற்காகப் பச்சை அங்கியை மாட்டிக்கொண்டிருந்தான். பிரசவ அறைக் கதவருகில் நாற்காலி நின்றது. எழில் திரும்பி எங்களைப் பார்த்தாள். எத்தனையோ பேருக்குப் பிரசவம் பார்த்த பிள்ளை. அந்தக் கண்ணில் அப்போது இருந்தது பயம் மட்டும்தான். அவள் எதை நினைத்துக்கொள்கிறாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

நான்தான் ஒரு அடி முன்னால் போனேன்.

“தூரமாம்மா?” என்று கேட்டேன்.

எழில் என்னை வியப்பாகப் பார்த்தாள். இந்த அப்பனா இப்படிக் கேட்கிறான் என்று நினைத்திருப்பாள். வலியோடு வலியாக அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இல்லப்பா. பக்கந்தான். போயிட்டு வந்துடுறேன்” என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

தங்கம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் பார்க்க அழக்கூடாது என்று, நடைவழியின் கோடியில் இருந்த வெளிக்கதவை நோக்கி நடந்தேன். கதவருகில் நின்ற காவலாள் வயசானவர், மரியாதையான மனிதர். நான் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, உதவி செய்கிற எண்ணத்தில், எங்கே போகிறீர்கள் ஐயா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எனக்கு ஆங்கிலம் புரியும்.

அப்படியே நின்றேன். திரும்பி, வந்த வழியே நடந்து, தங்கம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் திறந்து, நிதானமாகக் குடித்தேன்.

“என்னா திடீர்னு?” என்றாள்.

“தாகம்.”

அவள் தலையைத் திருப்பிக் கதவருகில் நின்ற காவலாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் கையைப் பிடித்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எத்தனை நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. கதவு திறந்து, ஒரு நர்ஸ் முகமெல்லாம் சிரிப்பாக வந்து சொன்னது ஆங்கிலமா, அவர்கள் மொழியா என்றுகூட எனக்கு நினைவில்லை. பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம் என்பது மட்டும் புரிந்தது. தங்கம்மாளுக்கும் புரிந்தது.

“போனக் குடுங்க” என்றாள்.

“இரு, இளம்பரிதிக்கு நான் போட்டுத் தர்றேன்.”

“அவனுக்கு அப்புறம். அம்சத்துக்குப் போடுங்க.”

போட்டுக் கொடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் அம்சம். ஆனால் என்ன ஆச்சு, ஏது ஆச்சு என்று ஒன்றும் கேட்கவில்லை. அவள் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

“அம்சம்” என்றாள் தங்கம்மாள், அழுதுகொண்டே. “நல்லபடியா வந்துட்டாடி.”